இரண்டு சப்வூஃபர், நான்கு காயில், எத்தனை ஓம்?

கார் ஆடியோ பொருத்தும் தொழிலாளர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



சென்னை அண்ணாசாலையிலிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குள் திரும்பினால் கார் அலங்காரக் கடைகள் வரிசையாக வரும். சீட் கவர், ஹாரன், மிதியடி எல்லாவற்றுக்கும் நடுவில் ஆடியோ விற்கும் கடைகளும் உண்டு. அங்கே சப்வூஃபர் வாங்க வருபவர் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" அடுத்துக் கேட்பது "எத்தனை இன்ச்?" ஓம் பற்றிய கேள்வி பெரும்பாலும் பணம் கட்டி, பெட்டியைப் பிரித்து, வயரை உரித்து, ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் எழுகிறது. அதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும். இந்த உரை சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம்: ஓம் என்பது வாங்கிய பிறகு வயரை மாற்றிச் சரிக்கட்டும் விவகாரம் அல்ல, வாங்குவதற்கு முன்னால் காகிதத்தில் முடிக்க வேண்டிய கணக்கு.

கணக்கை ஒரு காரிலிருந்தே தொடங்கலாம்.

ஒருவர் 12 அங்குல சப்வூஃபர் இரண்டு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இரட்டைக் காயில், காயிலுக்கு 4 ஓம். கூடவே மோனோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று. அதன் பெட்டியில் 2 ஓமில் 1000 வாட் என்று போட்டிருக்கிறது. 2 ஓமுக்குக் கீழே அது தாங்காது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே நல்ல பொருள்கள். ஆனால் இந்த மூன்றும் ஒன்றோடொன்று சேரவே சேராது. நான்கு காயிலுக்கும் மின்சாரம் சமமாகப் பங்காகும்படி எப்படி இணைத்தாலும் 1 ஓம் வரும், 4 ஓம் வரும், 16 ஓம் வரும். 2 ஓம் மட்டும் வராது.

ஏன் வராது என்பதைத் திருவிழாக் கூட்டத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கோயிலுக்கு ஒரே வாசல், கூட்டம் முண்டியடிக்கிறது. பக்கத்திலேயே அதே அகலத்தில் இன்னொரு வாசலைத் திறந்துவிட்டால் உள்ளே போகிறவர்கள் எண்ணிக்கை இரட்டிப்பாகும். அதாவது தடை பாதியாகும். இது பக்க இணைப்பு, கடைக்காரர்கள் மொழியில் பேரலல். மாறாக, முதல் வாசலைத் தாண்டியவர்கள் இரண்டாவதாக ஒரு குறுகிய வாசலையும் தாண்ட வேண்டும் என்று வைத்தால் தடை கூடிக்கொண்டே போகும். இது தொடரிணைப்பு, சீரீஸ். 4 ஓம் காயில் இரண்டைத் தொடராக இணைத்தால் 8 ஓம், பக்கமாக இணைத்தால் 2 ஓம்.

இப்போது அந்த இரண்டு சப்வூஃபருக்கு வருவோம். ஒவ்வொன்றிலும் காயில்களைப் பக்கமாக இணைத்தால் ஆளுக்கு 2 ஓம். அந்த இரண்டையும் மறுபடி பக்கமாக இணைத்தால் 1 ஓம், தொடராக இணைத்தால் 4 ஓம். காயில்களை முதலில் தொடராக இணைத்தால் ஆளுக்கு 8 ஓம். அந்த இரண்டையும் பக்கமாக இணைத்தால் திரும்பவும் 4, தொடராக இணைத்தால் 16. எந்த வழியாகச் சுற்றினாலும் 1, 4, 16 என்ற மூன்று ஊர்களில் ஒன்றில்தான் போய் நிற்க வேண்டும்.

இதே சப்வூஃபரைக் காயிலுக்கு 2 ஓம் வகையில் வாங்கியிருந்தால்? காயில்கள் தொடராக ஆளுக்கு 4 ஓம். இரண்டு சப்வூஃபரும் பக்கமாக 2 ஓம். ஆம்ப்ளிஃபயர் கேட்டது அப்படியே கிடைத்திருக்கும். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த கிக்கர் நிறுவனம் தன் சதுர வடிவ சோலோபேரிக் எல்7 சப்வூஃபரை இரட்டை 2 ஓம், இரட்டை 4 ஓம் என்று இரண்டு வகையில் விற்பதற்குக் காரணம் இதுதான். கூம்பும் சட்டமும் ஒரே மாதிரி இருக்கும், விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. பெட்டியின் ஓரத்தில் உள்ள அந்த ஓர் எண்ணைப் பார்க்காமல் எடுத்தால், முழு ஏற்பாடும் தடம் மாறிவிடும்.

மாட்டிக்கொண்டவருக்குச் சிலர் ஒரு குறுக்கு வழி சொல்லித் தருவார்கள். ஒரு சப்வூஃபரின் காயில்களைத் தொடராகவும் மற்றதன் காயில்களைப் பக்கமாகவும் இணைத்து, இரண்டையும் சேர்த்துப் பக்கமாக இணைத்துவிடு என்பது அந்த யோசனை. 8 ஓமும் 2 ஓமும் பக்கமாகச் சேர்ந்தால் 1.6 ஓம். ஏறக்குறைய 2 தானே என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம் போகிறது. ஆகவே 2 ஓம் சப்வூஃபர் 8 ஓம் சப்வூஃபரைப் போல நான்கு மடங்கு திறனை வாங்கிக்கொள்ளும். 1000 வாட்டில் 800 ஒன்றுக்கு, 200 மற்றதற்கு. ஒன்று சூடேறிக் கருகும்போது இன்னொன்று அரைத் தூக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, 1.6 ஓம் என்பது அந்த ஆம்ப்ளிஃபயரின் எல்லைக்கும் கீழே.

இரட்டைக் காயிலில் ஒன்றை மட்டும் இணைத்துவிட்டு மற்றதைச் சும்மா விடுவது இன்னொரு குறுக்கு வழி. காயில் பாதியானால் தாங்கும் திறனும் பாதியாகும். கூம்பை இழுத்துப் பிடிக்கும் காந்த விசையும் குறையும். அந்த சப்வூஃபருக்கென்று கணக்குப் போட்டுச் செய்த மரப்பெட்டி அதற்குப் பொருந்தாமல் போய்விடும்.

ஆக, கணக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும்? ஆம்ப்ளிஃபயரிலிருந்து. அது எந்த ஓமில் தன் முழுத் திறனையும் தருகிறது, எந்த ஓம் வரை தாங்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்குத் தக்கபடி சப்வூஃபரின் காயில். 1 ஓம் தாங்கும் மோனோ ஆம்ப்ளிஃபயருக்கு ஒரே ஒரு சப்வூஃபர் என்றால் இரட்டை 2 ஓம் வகை, காயில்கள் பக்கமாக. அதே ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு சப்வூஃபர் என்றால் இரட்டை 4 ஓம் வகை; நான்கு காயிலும் பக்கமாக. 2 ஓம் வரை மட்டும் தாங்குவதற்கு ஒரு சப்வூஃபர் என்றால் இரட்டை 4. இரண்டு என்றால் இரட்டை 2. எண்ணிக்கை மாறும்போது வகையும் மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று ஒன்று, தீபாவளி போனஸ் வந்ததும் இன்னொன்று என்று திட்டமிடுபவர் இந்தக் கணக்கை இன்றைக்கே போட்டுவிட வேண்டும்.

இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயரை பிரிட்ஜ் செய்து ஓட்டுபவர்கள் இன்னொரு படி கூடுதலாக யோசிக்க வேண்டும். பிரிட்ஜ் செய்யும்போது ஒரு சேனல் தள்ள, மற்றது இழுக்கிறது. வெளியே 4 ஓம் சப்வூஃபர் இருந்தாலும் ஒவ்வொரு சேனலின் கண்ணுக்கும் அது 2 ஓமாகத்தான் தெரியும். அதனால்தான் ஸ்டீரியோவில் 2 ஓம் தாங்கும் என்று எழுதியிருக்கும் ஆம்ப்ளிஃபயர், பிரிட்ஜில் 4 ஓமோடு நின்றுவிடுகிறது. அதில் 2 ஓம் சப்வூஃபரை மாட்டினால் சேனலுக்கு 1 ஓம். பாட்டு ஏறும் இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் நின்றுபோவது ஆம்ப்ளிஃபயரின் கோளாறு அல்ல. அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

இந்தக் கணக்குக்கெல்லாம் மூலவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஜெர்மனியின் கொலோன் நகரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த கெயோர்க் ஓம், மின்னழுத்தம், மின்னோட்டம், தடை மூன்றுக்கும் உள்ள உறவை 1827இல் பெர்லினில் வெளியான நூலில் விரித்து எழுதினார். அன்றைய மின்கலங்கள் ஒரே மின்னழுத்தத்தில் நிலையாக நிற்காதது அவருடைய சோதனைகளுக்குப் பெரிய இடைஞ்சல். ஆகவே பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டையை வைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிர்ச்சியாகவும் நிறுத்தி, ஆடாத மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டார். சொந்த நாட்டில் உடனே மதிப்புக் கிடைக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்ளி பதக்கம் கொடுத்தது. அந்தப் பழைய இடைஞ்சல் இன்றும் காருக்குள் இருக்கிறது. பேஸ் அடிக்கும்போதெல்லாம் முகப்பு விளக்கு மங்குகிறதே, அது பேட்டரியின் மின்னழுத்தம் இறங்குவதன் அடையாளம்தான்.

வீட்டு ஸ்பீக்கர் பெரும்பாலும் 8 ஓம், கார் ஸ்பீக்கர் 4 ஓம். இந்த வேறுபாட்டுக்கும் ஓமின் விதியே விடை சொல்கிறது. கார் பேட்டரியில் ஆறு அறைகள், அறைக்கு 2.1 வோல்ட், மொத்தம் 12.6. எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14.4. டேஷ்போர்டில் இருக்கும் சாதாரண ஸ்டீரியோ இதை உயர்த்தாமல் அப்படியே பயன்படுத்துகிறது. அந்த வரம்புக்குள் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் பயனுறு மின்னழுத்தம் சுமார் 10 வோல்ட். பத்தைப் பத்தால் பெருக்கி 8ஆல் வகுத்தால் 12.5 வாட், 4ஆல் வகுத்தால் 25 வாட். வீட்டிலுள்ள ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றி மின்னழுத்தத்தை ஏற்றிக்கொள்ளலாம். காருக்குள் அதற்கு வழியில்லாததால் தடையை இறக்கினார்கள். சப்வூஃபருக்கென்று தனியாக வைக்கும் ஆம்ப்ளிஃபயருக்குள் மின்னழுத்தத்தை உயர்த்த ஒரு சுற்று இருக்கிறது. ஆனாலும் ஓமைக் குறைக்கும் பழக்கம் நிலைத்துவிட்டது.

பழக்கத்தை மோகமாக மாற்றியது அமெரிக்காவின் கார் ஆடியோ போட்டிகள். 1980களின் இறுதியிலும் 1990களிலும் அந்தப் போட்டிகளில் ஆம்ப்ளிஃபயரின் அறிவிக்கப்பட்ட வாட்டை வைத்துப் பிரிவு பிரித்தார்கள். அரிசோனாவைச் சேர்ந்த ஓரியன் நிறுவனம் 225 எச்சிசிஏ என்ற ஆம்ப்ளிஃபயரை இறக்கியது. காகிதத்தில் அது 4 ஓமில் சேனலுக்கு வெறும் 25 வாட். ஆனால் தடையைக் குறைத்துக்கொண்டே போனாலும் மூச்சுத் திணறாது. 2 ஓமில் 50, 1 ஓமில் 100 என்று பாதிக்குப் பாதி இறக்க இறக்கத் திறன் இரட்டிப்பாகும் என்பது விதி. சப்வூஃபர்களைக் கொத்தாகப் பக்க இணைப்பில் மாட்டியவர்கள், சின்ன வாட் பிரிவில் நின்றுகொண்டே பல நூறு வாட் எடுத்தார்கள். இந்த வகைக்குச் 'சீட்டர் ஆம்ப்' என்றே பெயர் வந்தது.

போட்டி விதிகள் பிறகு மாறிவிட்டன. "ஓம் குறைந்தால் சத்தம் கூடும்" என்ற நம்பிக்கை மட்டும் கடைக்குக் கடை நிற்கிறது. அந்த ஆம்ப்ளிஃபயருக்குள் அத்தனை மின்னோட்டத்தையும் தாங்கும்படி மின்வழங்கிச் சுற்றும் டிரான்சிஸ்டர்களும் அமைந்திருந்தன என்பது கதையில் விடுபட்டுப் போனது.

இதற்கு நேர் எதிரான வடிவமைப்பும் உண்டு. ஃபுளோரிடாவின் ஜேஎல் ஆடியோ 500/1 என்றொரு மோனோ ஆம்ப்ளிஃபயரைச் செய்தது. சுமை 1.5 ஓமாக இருந்தாலும் 4 ஓமாக இருந்தாலும் அது தருவது அதே 500 வாட். உள்ளே உள்ள சுற்று சுமைக்குத் தக்கபடி மின்னழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளும். அதே நிறுவனத்தின் 12டபிள்யூ7 சப்வூஃபரில் 3 ஓம் காயில் ஒன்றே ஒன்றுதான்; இரண்டைப் பக்கமாக இணைத்தால் 1.5 ஓம். ஆம்ப்ளிஃபயரின் எல்லைக்குள் கச்சிதமாக அடங்குகிறது. இப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு 4 ஓமிலிருந்து 2 ஓமுக்கு இறங்குபவருக்கு ஒரு வாட்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

சாதாரண ஆம்ப்ளிஃபயரில் இறங்கினால் கிடைப்பதும் நினைக்கிற அளவு பெரிதல்ல. திறன் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபெல்தான் ஏறும். சத்தம் இரண்டு மடங்கானது போலக் காதுக்குத் தோன்றச் சுமார் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். அந்த 3 டெசிபெல்லுக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். 20 வோல்ட் வெளியீடு 2 ஓமில் 10 ஆம்பியர் ஓட்டும். 1 ஓமில் 20 ஆம்பியர். மின்னோட்டம் இரட்டிப்பானால் டிரான்சிஸ்டரின் உட்தடையில் வீணாகும் வெப்பம் நான்கு மடங்கு.

பேட்டரிப் பக்கமும் இதே கதைதான். 1000 வாட் தரும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயரின் பயனுறுதிறன் 80 சதவீதம் என்றால் அது பேட்டரியிலிருந்து 1250 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் ஏறக்குறைய 90 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டருக்கு 4 கேஜ் செம்பு வயர் போட்டால், வழியில் விழும் மின்னழுத்தம் 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும். 8 கேஜ் போட்டால் 0.9 வோல்ட். பளபளவென்று தடியாக இருக்கும் மலிவு வயரை வெட்டிப் பார்த்தால் சில சமயம் உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரியும், செம்பு மேற்பூச்சுதான். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் அறுபது சதவீதம் அளவே. எந்த வயரானாலும் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வண்டியின் உடம்பில் உரசி ஷார்ட் ஆனால், தீப்பிடிக்காமல் காப்பது அது ஒன்றுதான்.

இதுவரை ஓம் என்பது அசையாத எண் என்பதுபோலப் பேசியாயிற்று. உண்மையில் அது அசைந்துகொண்டேதான் இருக்கும். நேர்மின்சாரத்துக்கு ஒரு கம்பி காட்டுவது தடை. பாட்டு என்பது மாறுமின்சாரம். அதற்கு ஸ்பீக்கர் காட்டும் மொத்த எதிர்ப்பு இம்பீடன்ஸ், பாடப்புத்தகத் தமிழில் மின் எதிர்ப்பு. தந்தி இயக்குநராக வேலையைத் தொடங்கி, தானே கணிதம் கற்ற ஆலிவர் ஹெவிசைடு 1886இல் இட்ட பெயர் இம்பீடன்ஸ். சப்வூஃபரின் ஒத்ததிர்வு 30 ஹெர்ட்ஸில் இருந்தால், அந்த இடத்தில் 4 ஓம் காயில் 30 ஓமுக்கு மேலும் காட்டக்கூடும். கூம்பு பலமாக ஆடும்போது காயில் தானே ஒரு சிறு ஜெனரேட்டராகி, வரும் மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. ஒத்ததிர்விலிருந்து விலகியதும் எண் மளமளவென்று இறங்கும்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 4 ஓம் என்பது இந்த ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் பொதுவாக வைத்த பெயர். மின் எதிர்ப்பு மிகக் குறையும் இடத்திலும் அதில் 80 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 3.2க்குக் கீழே போகக்கூடாது என்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) தரவிதி.

போட்டிக்குப் போகிறவர்கள் கிளாம்ப் மீட்டர் வைத்து இதை நேரடியாக அளக்கிறார்கள். 1 ஓமுக்கு வயரிங் செய்த பெட்டியில் ஒரு சுருதியை ஓடவிட்டு அளக்கும்போது 20 வோல்ட்டும் 8 ஆம்பியரும் காட்டினால், ஆம்ப்ளிஃபயர் அந்த நொடியில் பார்ப்பது 2.5 ஓம். காகிதத்தில் 400 வாட், ஓடுவது 160. நீண்ட நேரம் ஓடினால் காயிலும் சூடாகும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.39 சதவீதம் ஏறும். 200 டிகிரி ஏறிய காயிலில் 3.4 ஓம் என்பது 6 ஓம் ஆகியிருக்கும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போன பிறகு பேஸ் சோர்ந்துபோகிறதே என்று ஒலியைக் கூட்டுபவர் ஏற்கெனவே சூடான காயிலை மேலும் சூடாக்குகிறார். அப்படியென்றால் கணக்குக்கு என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். எண் மேலே எவ்வளவு போனாலும் ஆம்ப்ளிஃபயருக்கு ஆபத்து இல்லை. கீழே எவ்வளவு இறங்கும் என்பதுதான் ஆபத்து. வயரிங் கணக்கு அந்த அடித்தளத்தை உறுதிசெய்கிறது.

இனி, கையில் மல்டிமீட்டரோடு காருக்குப் பின்னால் உட்காருவோம். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்க்க வேண்டும். 0.2 என்று காட்டினால் அது மீட்டர் வயரின் தடை. ஒவ்வொரு அளவிலும் கழிக்க வேண்டும். 4 ஓம் காயிலைத் தொட்டால் பெரும்பாலும் 3.2க்கும் 3.6க்கும் இடையில் காட்டும். அது குறையல்ல, மீட்டர் நேர்மின் தடையை மட்டும் அளக்கிறது. ஒவ்வொரு காயிலாக அளந்து எழுதிக்கொண்டு, பிறகு வயரிங் முடித்து, ஆம்ப்ளிஃபயரில் சொருகும் முனையில் அளக்க வேண்டும். 2 ஓமுக்குப் போட்ட வயரிங் என்றால் 1.7 போல வரும். 0.4 வந்தால் எங்கோ தொடராக வேண்டியது பக்கமாகிவிட்டது. 6.8 வந்தால் அதற்கு எதிர்த் தவறு. எதுவுமே வராவிட்டால் ஒரு கம்பி கழன்றிருக்கிறது.

ஓம் சரியாக வந்த பிறகும் ஒரு தவறுக்கு இடமிருக்கிறது. பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருந்தால் மீட்டர் அதைச் சொல்லாது. எண் அப்படியேதான் இருக்கும். ஒரே சப்வூஃபரின் இரு காயில்கள் எதிரெதிராக இருந்தால் ஒன்றின் விசையை மற்றது அழித்துவிடும். கூம்பு அசையாமல் காயில் மட்டும் சூடேறும். இரண்டு சப்வூஃபர்கள் எதிரெதிராக இருந்தால் ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுத்துக்கொள்ளும். வண்டிக்குள் பேஸ் எங்கே போனது என்றே தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு பேனா டார்ச் செல் போதும். ஆம்ப்ளிஃபயரில் இன்னும் சொருகாத அந்த வயர் முனையில் செல்லின் பிளஸ்ஸைப் பிளஸ்ஸிலும், மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். 'டப்' என்று ஒரு சின்ன ஒலி. கூம்பின் மேல் விரல் நுனியை மெதுவாக வைத்திருந்தால், அது முன்னால் எழும்புவது தெரியும். இரண்டு கூம்பும் ஒரே திசையில், ஒரே அளவில் எழ வேண்டும். ஒன்று உள்ளே போனாலோ, அசையாமல் இருந்தாலோ, அதன் முனைகளைப் பிரித்துக் காயில் காயிலாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியென்றால், முதலில் போட்ட அந்தக் காகிதத்தைத் தூக்கி எறிய வேண்டாம். எந்தக் காயில் எதனோடு சேர்கிறது, மீட்டர் காட்டிய எண் என்ன, ஆம்ப்ளிஃபயர் தாங்கும் எல்லை என்ன என்ற மூன்றையும் அதில் எழுதி, மரப்பெட்டியின் பின்பக்கம் ஒட்டிவிடலாம். நான்கு வருஷம் கழித்து இன்னொரு ஊரில், இன்னொரு பட்டறையில், அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறவர் ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் அதைத்தான் படிப்பார்.

மல்டிமீட்டரும் நான்கு காயிலும் இந்த மேசைமேலேயே இருக்கின்றன. அளந்து பார்க்க விரும்புபவர்கள் முன்னால் வரலாம்.